நான் பதினொரு மாடு சாய்த்த விபரம்

உ
சிவமயம்

எட்மண்டன்,
லண்டன்.
25.08.1991

பெருமதிப்புக்குரிய திரு. பத்மநாதன் அவர்கட்கு,

எட்மண்டனிலிருந்து குலசேகரம் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் பாரியாரும் வெள்ளவத்தையில் அம்பாள் அருளால் நோய்நொடியின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம், மகள் அருள்மலரும் சுகம். என் மனைவி கலாவதியும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். அவ என்னோடு கதைத்துப் பதினைந்து நாளாகிவிட்டபடியால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

தங்கள் நீலக் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. தங்கள் மகன் சிரஞ்சீவி யோகலிங்கத்துக்கும் என் மகளுக்கும் சாதகம் பொருந்தி, வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் வைத்து இருவரும் நாலு நிமிடம் கதைத்து, தையில் நாள் வைப்போமென்று நாங்கள் மண்டபம் விசாரித்துக்கொண்டிருக்கும் வேளையில் வந்த கடிதம் அது. நான் தங்கள் கையெழுத்தைக் கண்டதும் பந்தற்கால் விஷயமாக்கும் என்று மகிழ்ந்து திறந்தேன். தாங்களோ இரண்டே வரி எழுதியிருந்தீர்கள். "தாங்கள் லண்டனில் மாடு களவெடுத்துப் பொலிசாரிடம் பிடிபட்டதாகவும், அம்மாடுகளைக் கொண்டு இறைச்சிக்கடை நடத்துவதாகவும் இங்கே கதை உலாவுகின்றது. உண்மையா?"

இறைச்சிக்கடை என்பது முழுப் பொய். மற்றது உண்மை.

தயவுசெய்து கடிதத்தை இந்த இடத்தில் மடித்துவிட வேண்டாம். இதற்கு முதல் நான் தங்களுக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றில் அது வேறு குலசேகரம் என்று எழுதியிருந்தேன். அடுத்ததில் நான் சாட்சி சொல்லப் பொலிசுக்குப் போனதாக எழுதியிருந்தேன். மூன்றாவதில் மாடே இல்லை. மூன்றையும் அருள்மலர் வாசித்துவிட்டு, வேலைக்குப் போகும் உடுப்போடு குசினியில் நின்றபடியே கிழித்துக் குப்பைவாளிக்குள் போட்டா. "அப்பா, அவைக்கு எங்களை வேண்டாமெண்டால் வேண்டாம். அதுக்காக நீங்கள் பொய் எழுதாதேங்கோ. நடந்ததை எழுதுங்கோ" என்றா. தகப்பன் சொல்லை மகள் கேட்பதென்பது இந்த நாட்டில் இல்லை, மறுவளமாகத்தான். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

பீற்றர் என்று ஒருவர் இருக்கிறார். பாசையூர்ப் பக்கம். கிழமை நாளில் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட், சனி ஞாயிறில் வீடியோ. தாலி கட்டுகிற நேரத்தில் ஐயருக்கும் சபைக்கும் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார் அல்லவா, லண்டனில் அந்த முதுகு இவருடையது. போன ஆனியில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு வீட்டில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற என்னை இவர் கமராவுக்குள்ளால் கனநேரம் பார்த்தார். பிறகு கமராவை இறக்கிவிட்டு வந்து, "ஐயா, உங்கட மீசைக்கு என்னட்டை ஒரு பாத்திரம் இருக்கு" என்றார். நான் வடைக்கு ஏதோ பாத்திரம் தரப்போகிறார் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவர் சொன்னது படத்தில் நடிக்கிற பாத்திரம்.

"ஆறு வரிசமாப் பலகாரத் தட்டைப் படமெடுத்து எனக்கு அலுத்துப்போச்சு, ஐயா. ஒரு மேற்கத்திப் படம் எடுக்கப்போறன். தொப்பி, துவக்கு, குதிரை, மாட்டுக்களவு. முழுக்கத் தமிழில. பேர் 'செம்மண் ஷெரிப்'."

"ஏன் தம்பி, ஒரு குடும்பக்கதை எடுக்கலாமே?"

"குடும்பக்கதைக்குப் பொம்பிளையள் நடிக்க வரவேணும். ஆர் விடுவினம்? ஆம்பிளையளை மட்டும் வைச்சு எடுக்கக்கூடியது இது ஒண்டுதான்."

அவருடைய நியாயத்தில் எனக்குப் பிழை கண்டுபிடிக்க ஏலாமல் போய்விட்டது. எனக்கு என்ன பாத்திரம் என்று கேட்டேன். நீதவான் என்றார். கதிரையில் இருந்து தீர்ப்புச் சொல்லவேண்டும், ஓட வேண்டியதில்லை என்றார். நீங்கள் யோசித்துப் பாருங்கோ. முப்பத்திநாலு வருஷம் அரசாங்கக் கச்சேரியில் குமாஸ்தாவாகத் தொடங்கிப் பிரதம லிகிதராக இளைப்பாறினவன் நான். இங்கே வந்து மூன்று வருஷமாக என்ர உத்தியோகம், காலமை ஜன்னலால மழை பாக்கிறது, பின்னேரம் ரீ.வி.யில நாளைக்கு மழை எண்டு சொல்லுறதைக் கேக்கிறது. ஒருத்தன் வந்து நீதவானா இருங்கோ எண்டு கேட்டால் வேண்டாமெண்டு சொல்ல மனம் வருமோ?

பிழை விட்ட இடம் எதெண்டால், கலாவதிக்குக் கோயில் நிர்வாகக் கூட்டம் எண்டு சொல்லிப்போட்டுப் போனது. அவ ஒரு சின்ன டப்பாவில புளிச்சோறும் கட்டித் தந்தவ. அதைத்தான் அவவால இப்ப மறக்க ஏலாமக் கிடக்கு. பொலிசைக்கூட மன்னிப்பன், புளிச்சோத்தை மன்னிக்க மாட்டன் எண்டு மகளிட்டைச் சொல்லி, மகள் எனக்குச் சொன்னவ.

இந்த மாசம் பத்தாம் தேதி சனிக்கிழமை. எப்பிங் காட்டுக்கு அங்கால ஒரு வெள்ளைக்காரக் கமக்காரர் தன்ர வயலில படமெடுக்கப் பீற்றருக்குச் சம்மதம் குடுத்திருந்தவர். நாங்கள் பன்னிரண்டு பேர் தில்லையம்பலத்தின்ர வானில போனம். தில்லையம்பலத்தை உங்களுக்குத் தெரியும்தானே, உங்கட பாரியாருக்குத் தூரத்துச் சொந்தமெண்டு சொல்லிக்கொண்டு திரியிற ஆள். வான் காட்டுக்குள்ள திரும்பேக்க அவர் பின்னால பாக்காமலே சொல்லுறார், "பீற்றர், ஒரு சின்ன விஷயம். நீதவான் நான்தான்." பீற்றர், "அது குலசேகரம் ஐயாவுக்கெல்லோ சொல்லிப்போட்டன்" எண்டார். தில்லையம்பலம் வானை ஓரமா நிப்பாட்டி, இஞ்சினை நூத்துப்போட்டு, ஜன்னலால மரங்களைப் பாத்துக்கொண்டிருந்தார். மூண்டு நிமிசத்துக்குப் பிறகு பீற்றர் என்ர பக்கம் திரும்பி மெதுவாச் சொன்னார், "ஐயா, மாட்டுக்கள்ளரின்ர தலைவன் எண்டு ஒரு பாத்திரம் இருக்கு. நீதவானை விடக் கனநேரம் திரையில வரும்."

நான் சைவம். வாழ்க்கையில கச்சேரிக் குண்டூசி ஒண்டுகூட வீட்டை கொண்டுவராதவன். ஆனால் நடுக்காட்டுக்குள்ள இறங்கி எங்க போறது? ஓமெண்டன்.

அங்க நடந்த படப்பிடிப்பை நான் எப்படி எழுதுறது? பீற்றரின்ர தமக்கை பெர்னடெற் பழைய உடுப்புக் கடையில தொப்பி வாங்கி வந்திருந்தவ. வெள்ளைக்காரப் பொம்பிளையள் தேவாலயத்துக்குப் போடுற தொப்பியள். பூவைப் பிடுங்கினாப்போல ஆம்பிளைத் தொப்பி ஆயிடுமே? என்ர தொப்பியில ஒரு செர்ரிப்பழம் தைச்சபடி கிடந்தது, அது கடைசிவரை வரேல்லை. என்ர மீசை நரைச்சுக் கிடக்கெண்டு சப்பாத்து மை பூசிவிட்டினம். ஷெரிப்பின்ர நட்சத்திரம் பால்மா ரின்னில வெட்டினது. உற்றுப்பாத்தால் 'முழு ஆடைப்பால்' எண்டிருக்கும். பாலைவனக் கள்ளிமரம் எண்டு பச்சை மையடிச்ச கார்ப்பெட் சுருள் நாலைக் குத்தி நிமிர்த்தி வைச்சம். அமெரிக்காவில அந்த இடத்தில வருசத்துக்கு ஒருக்காத்தான் மழையாம். எப்பிங்குக்கு அது தெரியாது. பத்து நிமிசத்தில பச்சை எல்லாம் கரைஞ்சு ஓடி, கள்ளிமரம் நாலும் பழையபடி விருந்தறைக் கார்ப்பெட்டா நிண்டுது.

குதிரை வாடகைக்கு எடுத்தது ஒண்டே ஒண்டு, அதுவும் குழந்தைப்பிள்ளையளுக்குச் சவாரி பழக்கிற மட்டக்குதிரை. ஷெரிப்பா நடிச்ச குருமூர்த்தி கணக்கியல் படிக்கிற பெடியன், ஆறடி. அவர் ஏறி இருந்தால் ரெண்டு காலும் நிலத்தில முட்டும். குதிரை நிண்டால் அவரும் நிப்பார், குதிரை நடந்தால் அவரும் நடப்பார். மற்ற எல்லாரும் குதிரையில வாறதெண்டால், இடுப்புக்கு மேல மட்டும் கமராவில தெரியத்தக்கதா வேலிக்குப் பின்னால துள்ளித் துள்ளி ஓடவேணும். அறுபத்திரண்டு வயசில நான் அப்பிடி ஐஞ்சுதரம் ஓடினனான். ஐஞ்சாந்தரம் பீற்றர், "ஐயா, உங்கட குதிரை களைச்சுப்போச்சு" எண்டார். துவக்குச் சத்தத்துக்குப் பெர்னடெற் கடுதாசிப் பையை ஊதி உடைச்சவ. குருமூர்த்தி கண்ணாடி இல்லாமல் ஒண்டும் காணமாட்டார். ஷெரிப் கண்ணாடி போடக்கூடாதெண்டு பீற்றர் கழட்டி வைச்சபடியால், அவர் எனக்கு நீட்டவேண்டிய துவக்கை ஒரு கார்ப்பெட்டுக்கு நீட்டி, "அடே கயவா! மண்ணாசை பிடித்த மாட்டுத் திருடா!" எண்டு முழங்கினார். கார்ப்பெட் அசையேல்லை. பீற்றர் அதையும் எடுத்தவர்.

இதுவரைக்கும் வந்தது மானக்கேடு மட்டும்தான். பத்திரிகையில போடுற மாதிரி ஒண்டும் நடக்கேல்லை. வினை வந்தது மாட்டுக்களவுக் காட்சியில.

கமக்காரர் ரெலிபோனில, "தேவாலயம் தாண்டி இடப்பக்கம் ரெண்டாவது படலை, அங்க மாடு நிக்கும்" எண்டு பீற்றருக்குச் சொன்னவராம். அந்த ஊரில தேவாலயம் ரெண்டு இருக்கிறது எங்களுக்கு எப்பிடித் தெரியும்? நாங்கள் படலையைத் திறந்து உள்ள போனம். கறுப்பும் வெள்ளையுமா, ஒவ்வொண்டும் தில்லையம்பலத்தின்ர வான் அளவில, பதினொரு மாடு. நாங்கள் ஆறு கள்ளர். கழுத்தில கட்டின லேஞ்சியை மூக்குக்கு மேல இழுத்துக்கொண்டு, "ஹை! ஹை!" எண்டு கத்தினம். மாடுகள் தலையை நிமித்திப் பாத்திட்டுத் திரும்பவும் புல்லைத் தின்னத் தொடங்கிச்சுதுகள். அரை மணித்தியாலம். பீற்றருக்கு அழுகை வாற கட்டம். "ஐயா, வெளிச்சம் போகப்போகுது, என்னவாவது செய்யுங்கோ" எண்டு என்ர கையைப் பிடிச்சார்.

பத்மநாதன் அவர்களே, நான் இளந்தாரியா இருக்கேக்க வீட்டில ரெண்டு பசு நிண்டது, பால் கறக்கிறதும் நான்தான். பகிடிக்குத்தான் செய்தனான். லேஞ்சியைக் கீழ இழுத்துவிட்டு, "பா... பா... இந்தா... பா..." எண்டு கூப்பிட்டன். பதினொரு மாடும் ஒருமிக்கத் தலையை நிமித்திச்சுதுகள். பிறகு நடந்து வரத் தொடங்கிச்சுதுகள். நான் பின்னுக்குப் போக அதுகள் முன்னுக்கு வர, நான் படலையைத் தாண்ட அதுகளும் தாண்ட, றோட்டுக்கு வந்திட்டம். மற்றக் கள்ளர் ஐஞ்சு பேரும் பயத்தில வேலிக்கு மேல. நான் திரும்பி நடக்க, பீற்றர் மட்டும் எனக்கு முன்னால கமராவோட பின்பக்கமா ஓடிக்கொண்டு, "ஐயா, அருமை! சிரியுங்கோ! கள்ளச் சிரிப்பு!" எண்டு கத்துறார். உண்மையைச் சொல்லவேணும். நான் சிரிச்சனான். கள்ளச் சிரிப்பில்லை. மூண்டு வருசத்தில நான் சொன்னதை ஒருதர் கேட்டது அண்டைக்குத்தான் முதல்தரம், அது மாடெண்டாலும் பரவாயில்லை எண்டு பட்டுது.

அந்த நேரம் பாத்து ஒரு வெள்ளைக்கார மனுசி ஜன்னலால பாத்திருக்கிறா. முகமூடி போட்ட ஆறு கறுத்த ஆக்கள் மாட்டைக் கொண்டு போகினம் எண்டு ரெலிபோன் அடிச்சிட்டா. ஐஞ்சு பேர் வேலிக்கு மேல, என்ர லேஞ்சி நாடிக்குக் கீழ எண்டதை விட்டால், அவ சொன்னது ஒரு சொல்லும் பிழையில்லை. கால் மணித்தியாலத்தில பொலிஸ் கார் வந்து மாட்டுக்கு முன்னால நிண்டுது. ரெண்டு பேர் இறங்கிச்சினம். பீற்றர் கமராவை நிப்பாட்டேல்லை. "ஆர் இவையைக் கூட்டிக்கொண்டு வந்தது? உடுப்பு நல்லா இருக்கு!" எண்டு கேட்டார். குருமூர்த்திக்குக் கண் தெரியாதபடியால் தன்ர ஆக்கள் எண்டு நினைச்சு, மட்டக்குதிரையை இழுத்துக்கொண்டு வந்து நெஞ்சை நிமித்தி, "தாமதமாக வந்தீர்கள்! இந்தக் கொடியவனை நான் ஏற்கெனவே கைது செய்துவிட்டேன்!" எண்டார். பொலிஸ்காரர் அவரின்ர நட்சத்திரத்தைக் குனிஞ்சு வாசிச்சார். பிறகு நிமிர்ந்து, இங்க பொறுப்பான ஆள் ஆர் எண்டு கேட்டார்.

பன்னிரண்டு பேர் நிண்டம். பதினொரு பேரும் என்னைக் காட்டிச்சினம். எங்கட சனத்துக்கு வயசுக்கு மரியாதை குடுக்கத் தெரியாதெண்டு இனிமேல் ஒருதரும் எனக்குச் சொல்ல வரக்கூடாது.

கச்சேரியில இருக்கேக்க அதிகாரி வந்து ஆர் நீ எண்டு கேட்டால் எழும்பி நிண்டு பெயர், பதவி ரெண்டையும் சொல்லவேணும். அது எனக்கு ரத்தத்தில ஊறினது. நான் தொப்பியைக் கழட்டி நெஞ்சில பிடிச்சுக்கொண்டு நேரா நிண்டு, "ஐ ஆம் குலசேகரம், சேர். சீஃப் கேட்டில் தீஃப்" எண்டன்.

அவர் ஒருக்கால் மாட்டைப் பாத்தார், ஒருக்கால் செர்ரிப்பழத்தைப் பாத்தார். காரில ஏறச் சொன்னார்.

ஸ்டேசனில கைவிலங்கொண்டும் போடேல்லை, அதை உங்கட பாரியாருக்குக் கட்டாயம் சொல்லுங்கோ. தேத்தண்ணி தந்தவை, சீனி எத்தினை எண்டும் கேட்டவை. எனக்கு இங்கிலீசு நல்லா வரும். ஆனால் அண்டைக்கு அது ஒளிச்சிட்டுது. வாய் திறந்தால் தமிழ்தான் வருது. அவை ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டினம். சவுத்தாலில இருந்து மங்கலம் எண்டொரு அம்மா வந்தா. இந்தியத் தமிழ், தங்கமான மனுசி, ஆனால் எங்கட பேச்சு அவவுக்குப் புதுசு. சார்ஜன் கேட்டார் மாட்டை என்ன செய்தீர் எண்டு. நான் உள்ளதைச் சொன்னன், "மாட்டைச் சாய்ச்சுக்கொண்டு போனனான்." நாங்கள் மாடு சாய்க்கிறதெண்டால் மாட்டை ஓட்டிக்கொண்டு போறதுதானே? அந்த அம்மா கண்ணை விரிச்சு, "சாய்ச்சீங்களா? நீங்களா?" எண்டா. "ஓம், நான்தான். பதினொண்டையும்." "ஆயுதம் ஏதாவது..." "ஆயுதம் ஏன்? 'பா' எண்டால் காணும்."

அவ சார்ஜனுக்குத் திருப்பி, இந்தப் பெரியவர் வெறுங்கையால பதினொரு மாட்டை அடிச்சு விழுத்தினவராம் எண்டு சொன்னா. சார்ஜன் எழுதுறதை நிப்பாட்டிப்போட்டு என்ர கையைப் பாத்தார். என்ர கை உங்களுக்குத் தெரியாது. பேனை பிடிச்ச கை, பூவரசங் கம்பு மாதிரி இருக்கும். அவர் எழும்பிப் போய் இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவரும் வந்து என்ர கையைப் பாத்தார்.

அதுக்குள்ள பீற்றர் கமராவும் கசற்றுமா ஓடிவந்து, படத்தைப் போட்டுக் காட்டுறன் எண்டு கெஞ்சினார். ஸ்டேசனில ஒரு ரீ.வி. இருந்தது. ஆனால் பீற்றர் புதுக் கசற் வாங்கினவரோ? ஒரு கலியாணக் கசற்றுக்கு மேலதான் எடுத்திருக்கிறார். முதலில பதினைஞ்சு நிமிசம் ஆரின்ரையோ தாலிகட்டு. பொலிஸ்காரர் நாலைஞ்சு பேர் தேத்தண்ணிக் கோப்பையோட நிண்டு, மாப்பிளைக்குத் தலைப்பா கட்டுறதையும், பொம்பிளையின்ர மாமிமார் முன்வரிசைக்குச் சண்டை பிடிக்கிறதையும் மூச்சுவிடாமல் பாத்தினம். இதில ஆர் மாடு களவெடுக்கிறது எண்டு ஒருத்தர் கேட்டார். மேளம் உச்சத்துக்குப் போகேக்க டப்பெண்டு கார்ப்பெட் வந்தது. அதுக்குப் பிறகு வேலிக்குப் பின்னால நான் குதிரை ஓடினது. ஒரு பொம்பிளைப் பொலிஸ் வெளியில போய்ச் சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. மாட்டுக் காட்சியை மட்டும் மூண்டுதரம் திருப்பிப் போடுவிச்சினம்.

மாட்டுச் சொந்தக்காரரும் வந்து சேர்ந்திட்டார். சிவந்த முகம், பெரிய சப்பாத்து. சண்டைக்கு வாறார் எண்டு நான் எழும்பி நிண்டன். அவர் ரீ.வி.யையே பாத்துக்கொண்டு நிண்டிட்டு என்னட்டைத் திரும்பி, "எனக்கு அந்த மாடுகள் பதினாலு வருசத்தில ஒருநாளும் கூப்பிட வந்ததில்லை, நாயை விட்டுத்தான் கலைக்கிறனான், நீர் என்ன சொன்னீர்?" எண்டு கேட்டார். அப்பதான் என்ர இங்கிலீசு திரும்பி வந்தது. நான் சொல்லிக் குடுத்தன். அவர் "பேய், பேய்" எண்டு சொன்னார். "அப்பிடியில்லை, அடிவயித்தில இருந்து, பா" எண்டன். சார்ஜனும் சொல்லிப் பாத்தார். ரெண்டு பேரும் சரியாச் சொன்ன பிறகு மாட்டுக்காரர் எனக்குக் கைகுடுத்துப்போட்டு, முறைப்பாடு ஒண்டும் இல்லையெண்டு கையெழுத்து வைச்சார்.

இந்த நேரத்திலதான் அருள்மலர் வந்தவ. பீற்றர் ரெலிபோனில சொல்ல, மருந்துக்கடையில வேலையை நடுவில விட்டிட்டு, வெள்ளைக் கோட்டோட, ரெண்டு பஸ் மாறி, முகமெல்லாம் வெளிறி. கதவைத் திறந்து என்னைப் பாத்தா. நான் கழுத்தில சிவப்பு லேஞ்சி, மை கரைஞ்சு நாடிவரைக்கும் வழிஞ்ச மீசை, மடியில செர்ரிப்பழத் தொப்பி. "மன்னிச்சுக்கொள் பிள்ளை" எண்டு சொல்ல வாயெடுத்தன். அவ சிரிக்கத் தொடங்கினா. அப்பிடியே மர வாங்கில என்னோட சாய்ஞ்சிருந்து, வயித்தைப் பிடிச்சுக்கொண்டு, கண்ணால தண்ணி ஓடச் சிரிச்சா. மங்கலம் அம்மா பயந்துபோய்த் தண்ணி கொண்டுவந்து குடுத்தவ.

பத்மநாதன் அவர்களே, நாங்கள் இஞ்ச வந்த நாளில இருந்து இந்தப் பிள்ளை வேலை, வீடு, கடிதம், கவுன்சில், என்ர பிரஷர் மாத்திரை எண்டுதான் ஓடிக்கொண்டிருக்கிறா. அவவுக்கு இப்பிடிச் சிரிக்கத் தெரியும் எண்டதே எனக்கு மறந்துபோச்சு. கோயிலில உங்கட மகனோட கதைச்ச நாலு நிமிசத்திலையும் அவ தலையை நிமித்தேல்லை. அண்டைக்கு வீட்டை போற பஸ்ஸில ஒவ்வொரு தரிப்பிலையும் நினைச்சு நினைச்சுச் சிரிச்சுக்கொண்டு வந்தா. ஆகவே களவெடுத்ததுக்கு முழுக்க வருத்தப்படுறன் எண்டு எழுதினால் அதுவும் பொய்யாப் போயிடும்.

இனி இறைச்சிக்கடை எப்பிடி வந்ததெண்டு சொல்லிப்போடுறன். தில்லையம்பலம் வீட்டை போய்த் தன்ர மனுசியிட்டை, "குலசேகரத்தாரைப் பதினொரு மாட்டோட பிடிச்சிட்டாங்கள்" எண்டு மட்டும் சொல்லிப்போட்டுக் குளிக்கப் போயிட்டார். அவர் குளிச்சு முடிச்சு வாறதுக்குள்ள அந்த மனுசி வெள்ளவத்தைக்கு ரெலிபோன் எடுத்திட்டுது. பதினொரு மாட்டை ஒரு மனிசன் என்னத்துக்குக் களவெடுப்பான் எண்டு அங்க இருந்தவை யோசிச்சிருப்பினம். மிச்சம் உங்களுக்கு வந்து சேர்ந்தது. தில்லையம்பலத்துக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. அவர் இப்பவும் நீதவான் அங்கியைக் கழட்டேல்லை எண்டு கேள்வி.

நடந்தது இவ்வளவுதான். ஒன்றையும் மறைக்கவில்லை. என்னுடைய அறிவீனத்தால் தங்கள் குடும்பத்துக்கு ஊரார் முன் வந்த தலைகுனிவுக்காக இரு கரம் கூப்பி மன்னிப்புக் கேட்கிறேன். இன்றுமுதல் எனக்கும் சினிமாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், மீசையையும் வழித்துவிட்டேன். பீற்றர் வந்தால் நான் வீட்டில் இல்லை என்று சொல்லுமாறு மகளிடம் சொல்லியிருக்கிறேன். தாங்கள் சாதகத்தைத் திருப்பி அனுப்புவதானாலும் மனத்தாங்கல் இல்லை. ஆனால் தகப்பன் செய்த கூத்துக்குப் பிள்ளையைத் தண்டிக்க வேண்டாம் என்பது மட்டும் என் தாழ்மையான விண்ணப்பம். தங்கள் பாரியாருக்கு என் வணக்கம். சிரஞ்சீவி யோகலிங்கம் தீர்க்காயுளுடன் சகல சௌபாக்கியமும் பெற்று வாழ, எந்த வீட்டு மருமகனாக ஆனாலும், என் ஆசி.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
க. குலசேகரம்
(இளைப்பாறிய பிரதம லிகிதர்)

பி.கு. (15.09.1991)

இந்தக் கடிதம் உங்களுக்கு எப்பவோ கிடைச்சிருக்கும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். இண்டைக்குக் காலமை பாத்தால் சாமிப்படத்துக்குப் பின்னால கிடக்கு. கலாவதி நல்ல நாள் பாத்துப் போடுவமெண்டு வைச்சவவாம். மூண்டு கிழமையா லண்டனில நல்ல நாளே வரேல்லையாம். உறையைப் பிரிச்சு இதை எழுதுறன்.

நேற்றுப் பள்ளிக்கூட மண்டபத்தில 'செம்மண் ஷெரிப்' காட்டினவை. நான் போறேல்லை எண்டுதான் இருந்தனான். அருள்மலர் தாயையும் என்னையும் இழுத்துக்கொண்டு போனா. முந்நூறு சனம், இருக்க இடமில்லாமல் சுவரோட நிண்டினம். சிரிக்க வேண்டாத இடமெல்லாம் சிரிச்சினம். ஆனால் நான் "பா" எண்டு கூப்பிட்டு, அந்தப் பதினொண்டும் தலை நிமித்தி வரேக்க சுவரோட நிண்டவையும் முன்னுக்கு எட்டிப் பாத்தினம். பிறகு தட்டினாங்கள் பாருங்கோ கை! பீற்றர் பொலிஸ் வந்ததை அப்பிடியே கடைசிக் காட்சியா வைச்சிட்டார். நான் தொப்பியைக் கழட்டிப் பதவி சொன்ன இடத்தில எழும்பி நிண்டு தட்டிச்சினம். சார்ஜன் மனுசியோட சாதாரண உடுப்பில வந்து முன்வரிசையில இருந்து ஆறு வடை சாப்பிட்டவர். கலாவதி ஐஞ்சு கிழமைக்குப் பிறகு என்னோட கதைச்சா. "அந்தச் சேர்ட்டையோ போட்டனீங்கள்? பொங்கலுக்கு வைச்சிருந்ததெல்லோ" எண்டா. பிறகு, "நல்லாத்தான் செய்திருக்கிறியள்" எண்டா.

உங்கட மகன் யோகலிங்கமும் நாலு சிநேகிதரோட வந்திருந்தவர். படம் முடிய நேர என்னட்டை வந்து, "மாமா" எண்டார். முதலில மற்ற ஆரையோ கூப்பிடுறார் எண்டு திரும்பிப் பாத்தன். பிறகு அவரும் மகளும் மண்டபக் கதிரையெல்லாம் அடுக்கி முடியும் வரைக்கும் கதைச்சுக்கொண்டு நிண்டவை, ஒண்டரை மணித்தியாலம். மகள் தலையை நிமித்தித்தான் கதைச்சவ.

ஆகவே மேலே நான் மன்னிப்புக் கேட்ட இடங்களைத் தயவுசெய்து வெட்டிவிடவும். சினிமாவோட சம்பந்தமில்லை எண்டதையும் வெட்டவும். மீசை வளருது. பீற்றர் ரெண்டாம் படம் தொடங்கிறார், இந்தமுறை உண்மையான பெரிய குதிரை. குருமூர்த்திக்குக் கணக்கியல் சோதனை வாறபடியால் ஷெரிப்பா நடிக்க இன்னொரு ஆளை எடுத்தாச்சு. ஷெரிப்பின்ர தகப்பன் எண்டு ஒரு பாத்திரம் மிச்சம் கிடக்கு, கண்டிப்பான மனுசனா, குறைச்சுக் கதைக்கிறவரா வேணுமாம். ரெண்டே வரி வசனம்தான். உங்கட கடிதத்தைப் பீற்றருக்குக் காட்டினனான், இவர்தான் சரி எண்டவர். தையில வரேக்க ஆயத்தமா வாங்கோ.

இண்டைக்குக் காலமை ஒத்திகையில, உடனே படம் வாற கமராவில எடுத்த போட்டோ ஒண்டு இத்துடன் இருக்கு. குதிரையில இருக்கிற ஷெரிப் உங்கட மகன். கடிவாளத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது என்ர மகள்.